வாடகைத் தொட்டியில் கொஞ்சம் இடம்

வேலியைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, தேவைக்கு ஒரு அளவு சின்னதாகக் குப்பைத் தொட்டி எடுப்பதுதான். நிற்கும்போது வேலி மெலிசாகத் தெரியும். பிரித்துப் போட்ட பிறகுதான் அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது விளங்கும். குப்பைத் தொட்டி வாடகைக்கு விடும் கம்பெனியில் தொலைபேசியை எடுத்த பெண், "சின்னதே போதும் சார், பலகைய ஒழுங்கா அடுக்கினீங்கன்னா அடங்கிடும்" என்றாள். நான் அடுத்த அளவைக் கேட்டு வாங்கினேன். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தக் கூடுதல் இடம்தான் காரணம் என்று தெருவில் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீங்கள் கேட்க வந்தது தொட்டியைப் பற்றி அல்ல, போர்வையைப் பற்றி என்பது தெரியும், பாஸ்டர். இதே தெரு ஆர்டிஸ் தைத்து, என் பக்கத்து வீட்டு ரோசானுக்குக் கொடுத்த ஒட்டுப் போர்வை அந்தத் தொட்டிக்குள் கிடந்ததா இல்லையா. கிடந்தது என்றால், உயிர்ச் சிநேகிதி தைத்ததை ரோசான் குப்பையில் போட்டுவிட்டார். கிடக்கவில்லை என்றால், ஆர்டிஸ் வீணாக மனம் உடைந்து வீட்டை விற்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்; வார முடிவில் டுலூத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இந்தக் குளிரில் வந்திருக்கிறீர்கள்.

இதுவரை இந்த ஊரில் யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நம் மினசோட்டாவில் நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்போம், அது உங்களுக்கும் தெரியும். "இந்த வருஷம் இலை சீக்கிரம் உதிருது, இல்ல?" என்று ஆரம்பிப்பார்கள். நான் இலையைப் பற்றிப் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். நீங்கள் சின்ன வயது, உட்கார்ந்ததும் கேட்டுவிட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை இந்த ஊரின் தபால்காரனாக இருந்தவன். வரிசை மாறினால் எனக்குக் கை ஓடாது.

தொட்டி வந்த அன்று நல்ல வெயில். லாரிக்காரர் இறக்கும் இடத்தில் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் சக்கரம் படும்படி இறக்கினார். இல்லையென்றால் வீட்டுப் பாதையின் தார் பெயர்ந்துவிடும். விளிம்புக்கு மேல் ஒரு குச்சிகூட நீட்டக் கூடாது என்றும், கான்கிரீட்டை அடியில் பரவலாகப் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய்க் கையுறையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எதிர்வீட்டு கென்ட் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பெரிய தொட்டியா இருக்கே, ஹார்லன்."

"ஆமா, கொஞ்சம் பெருசுதான்."

"வேலி முழுசா போட்டாலும் நெறயாது போல."

"நெறயாதுன்னுதான் நெனைக்கறேன்."

"சரி சரி. நான் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "ஒண்ணு ரெண்டு இருந்தா போடுங்க கென்ட்" என்று நான் சொல்லியாக வேண்டும். சொன்னேன். கென்ட் கராஜிலிருந்து ஒரு சோபாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சோபாவைப் பார்த்து மூலைவீட்டு வெண்டெல் வந்தார். வெண்டெல் போவதைப் பார்த்து அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள். தொட்டி வாடகைக்கு எடுத்தவர் வீட்டில் சாவு விழுந்தால்கூட இத்தனை பேர் வந்து விசாரிக்க மாட்டார்கள். எல்லோரும் முதலில் இலையைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரு வேலிக்காலைக்கூடப் பிடுங்குவதற்கு முன்பே என் தொட்டி அடுத்தவர் குப்பையால் நிறைந்துவிட்டது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நம் சபையில் யாராவது யாரிடமாவது வேண்டாம் என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

ஆகவே வேலிக்கு இடம் வேண்டும் என்றால் உள்ளே கிடப்பதில் கொஞ்சத்தை வெளியே எடுக்க வேண்டும். ஏணி வைத்து இறங்கினேன். அப்போதுதான் கவனித்தேன், அங்கே கிடந்தவற்றில் பாதி குப்பையே அல்ல. பரிசுப் பொருட்கள். யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு ஆசையாகக் கொடுத்தவை. வெண்டெலின் அண்ணன் டுவேன் பாடம் செய்து பிறந்தநாளுக்குக் கொடுத்த மீன், கண்ணாடிக் கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கென்டின் மாமியார் ஐடெல்லா மரத்துண்டை இழைத்து வார்னிஷ் அடித்துச் செய்த சுவர்க் கடிகாரம் சோபாவுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. நேரம்கூடச் சரியாகத்தான் காட்டியது.

ஒரு தபால்காரன் இதைப் பார்த்தால் என்ன செய்வான்? பெறுநர் ஏற்க மறுத்தால், பொருள் அனுப்புநருக்குத் திரும்ப வேண்டும். அதை நான் கண்டுபிடிக்கவில்லை, வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். மீனைத் துடைத்து டுவேனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடிகாரத்தை ஐடெல்லாவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஓடுதே," என்றார்.

"ஓடுதும்மா. அதான் கொண்டாந்தேன்."

"கென்ட் வீட்லேர்ந்தா?"

"தொட்டியிலேர்ந்து."

"அப்படியா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் கென்டுக்குப் பின்வரிசையில் உட்காராமல் கதவோரம் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். டுவேன் மீனைத் தன் லாரியின் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்து, வெண்டெல் வீட்டு வாசலில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனதையும் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. உண்மையைத்தான் உரியவர்களிடம் சேர்த்தேன்.

உருளைக்கிழங்கு ரொட்டி புரட்டும் குச்சிகளும் கிடைத்தன. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தெருவில் எல்லா வீட்டுக்கும் நான் சீவி, பூ வரைந்து கொடுப்பது. ஒன்றில் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. அவற்றை எனக்கே பட்டுவாடா செய்துகொண்டேன்.

இனி வேலி. அது எனக்கும் ரோசானுக்கும் நடுவில் நின்றது. எனக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர் போட்டது, ஆள் உயரத் தேவதாருப் பலகை, அடியெல்லாம் உளுத்துப்போனது. அதற்கு அந்தப் பக்கம், ரோசான் வீட்டின் பின்பக்கத்தை ஒட்டி, திண்ணை மாதிரி ஒரு மரத்தளம். தினமும் காலையில் ஆர்டிஸ் தெருமுனையிலிருந்து நடந்து வருவார். இருவரும் அங்கே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். ரோசான் நியூ ஜெர்சிக்காரர், சிரித்தால் சத்தம் கூரையில் மோதும். ஆர்டிஸ் சிரித்தால் மூச்சு மட்டும் வரும். நான் இந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முழுசாகக் கேட்காது. பலகை கெட்டி. என் தக்காளிகள் அழுகிப்போனதற்குக் காரணம் அதிகமான தண்ணீர் என்று விதைக் கடையில் சொன்னார்கள்.

ஒருநாள் ரோசான் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இந்த வேலி எதுக்கு ஹார்லன்? நமக்கு நடுவுல என்ன மாடா மேயுது? பிடுங்கிப் போட்டுருங்களேன், ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கலாம்" என்றார். அதற்கு அடுத்த நாள்தான் தொட்டிக்குத் தொலைபேசி செய்தேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மரத்தளத்தில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட இடம் இருந்தது. வேலியில் ஒரு பலகையில் கணு விழுந்து ஓட்டையாக இருந்தது, அதன் வழியாகத் தெரியும்.

பலகைகளைக் கடப்பாரையால் நெம்பினால் எளிதாக வந்துவிடும். ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், அதை மடக்கி அடித்துவிட்டு அடுக்க வேண்டும். கஷ்டம் வேலிக்கால்களில்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாளி அளவுக்குக் கான்கிரீட். காலைச் சுற்றிச் சங்கிலி போட்டு, லாரி ஜாக்கியை மாட்டி மெல்ல மெல்லத் தூக்க வேண்டும். பல் பிடுங்குவது போலத்தான். அவசரப்பட்டால் உடைந்து வேர் உள்ளே நின்றுவிடும். கடைசிக் கால் மேலே வந்தபோது காலை வேளை. அவர்கள் இருவரும் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை, புல்தரை மட்டும்.

ரோசான் கைதட்டினார். "அப்பாடா. வாங்க ஹார்லன், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

நான் சொன்னேன், "பரவால்லங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்."

ரோசான், "சரி" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டர், நீங்கள் இந்த மண்ணில் பிறந்தவர். முதல் அழைப்புக்கு யார் போவார்கள்? முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, சூடாக இருந்தால் பார்க்கலாம் என்போம். மூன்றாம் தடவை கூப்பிட்டால், சரி, அரைக் கோப்பை என்போம். இது குழந்தைக்கும் தெரியும். நியூ ஜெர்சியில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தமாம். அதற்காக நான் ரோசான்மேல் குறை சொல்லவில்லை.

ஆனால் ஆர்டிஸ் அங்கே உட்கார்ந்திருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து, என்னோடு ஒரே பள்ளியில் படித்தவர். அவர் ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம்: இன்னொரு தடவ கூப்பிடு ரோசான். அவர் குனிந்து கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் காப்பியில் சர்க்கரையும் போடுவதில்லை, பாலும் விடுவதில்லை.

கான்கிரீட் ஒட்டிய வேலிக்காலைக் கட்டிப் பிடித்தபடி நான் சற்று நேரம் நின்றேன். பாரம் அதிகம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

மறுநாள் இருவரும் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். அதற்கு மறுநாள், நான் குழிகளை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தபோது, அவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போனார்கள். "தூசியா இருக்கு ஹார்லன், வேல முடியற வரைக்கும் அந்தப் பக்கம் இருக்கோம்" என்று ரோசான் சொன்னார். தூசி இருந்தது உண்மைதான்.

போர்வையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ரோசானுக்குப் புற்றுநோய் வந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்த குளிர்காலத்தில் ஆர்டிஸ் தைத்தது. ரோசானின் மகன்கள் சின்னதில் போட்ட சட்டைகளை நியூ ஜெர்சியிலிருந்து வரவழைத்து, சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்தது. அதைத் தைத்த மாதங்களில் ஆர்டிஸின் கண்ணாடி இரண்டு தடவை மாறியது. கண்ணாடிப் பார்சலைப் பட்டுவாடா செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதன் பிறகு ரோசானுக்கு உடம்பு எப்போதும் குளிரும். போர்வை இல்லாமல் அவரை வெளியில் பார்க்க முடியாது.

தூசிக்காக அவர்கள் வாசல்பக்கம் போன அன்றே, அதை ஆர்டிஸ் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தவன் நான்தான். நன்றாக உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துத்தான் கொடுத்தேன். கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"இது எங்க கெடச்சுது?" என்று கேட்டார்.

"நான் தொட்டியக் காலி பண்ணிட்டிருந்தேன், ஆர்டிஸ்" என்றேன்.

கவனியுங்கள், இது பொய் அல்ல. அன்று காலை, கான்கிரீட் கால்களுக்கு இடம் பண்ண, நான் தொட்டியைக் காலி செய்துகொண்டுதான் இருந்தேன். ஐடெல்லாவின் கடிகாரமும் டுவேனின் மீனும் அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்த கதை. மீதியை ஆர்டிஸ் தானே கூட்டிக்கொண்டார். போர்வையை மார்போடு வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் ஹார்லன், வந்து கொடுத்ததுக்கு" என்றார். காப்பி குடிக்கிறாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த நிலையில் எதிர்பார்க்கவும் கூடாது.

அன்று பிற்பகல் ரோசான் என் வாசலுக்கு வந்தார். போர்வையைக் காணோம், காற்றில் பறந்து தொட்டிக்குள் விழுந்திருக்குமோ என்றார். ஏணி கேட்டார். கொடுத்தேன். அவர் உள்ளே இறங்கிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டார். மருந்து ஏற்றிய உடம்பு, மூச்சு வாங்கியது. ஓரிரு ஆணிகளை நான் மடக்காமல் விட்டிருந்தேன் போலிருக்கிறது, உள்ளங்கையில் கிழித்துவிட்டது. நான் ஏணியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "பாத்து, அந்தப் பக்கம் கான்கிரீட் இருக்கு" என்று எச்சரிக்கவும் செய்தேன்.

"ஆர்டிஸ் கேட்டா நான் என்ன சொல்லுவேன், ஹார்லன்? அது எனக்கு வெறும் போர்வையா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

கிடைத்துவிடும் என்று சொன்னேன். அதுவும் பொய் அல்ல.

கிடைத்தது. ஆர்டிஸ் வீட்டு முன்னறை நாற்காலியின் முதுகில் அது கிடப்பதைக் கதவு வழியாக ரோசான் பார்த்தார். வாசலில் நடந்ததை இருவரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ரோசான் பைபிள்மேல் சத்தியம் செய்தார். ஆர்டிஸ், "பரவால்ல ரோசான். பழசாயிடுச்சு, இடத்த அடைக்குது, எனக்குப் புரியுது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். ரோசான் கத்தியிருக்கிறார். ஆர்டிஸ் கத்தவில்லை, கதவை மெதுவாகச் சாத்தினார். நம்மூர்க்காரர் கதவை மெதுவாகச் சாத்தினால் என்ன அர்த்தம் என்று ரோசானுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் தேவாலய சமையலறைச் சாவியை ஆர்டிஸ் உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இறைச்சி உருண்டை விருந்துக்குக் குழம்பு வைக்க ஆளில்லாமல் இந்த வருஷம் பொடி வாங்கிக் கலக்கினீர்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, பாஸ்டர், ஆனால் எல்லோரும் கவனித்தார்கள். பிறகு அவர் வீட்டுப் புல்தரையில் விற்பனைப் பலகை நட்டார்கள்.

லாரிக்காரர் வந்து தொட்டியை எடுத்துக்கொண்டு போனார். விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. நன்றாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார்.

தூசி அடங்கியதும் ரோசான் நாற்காலிகளைத் திரும்ப மரத்தளத்துக்கே கொண்டுவந்தார். இரண்டையும் கொண்டுவந்தார். ஒன்றில் தான் உட்கார்ந்து, மற்றதைப் பார்த்துக்கொண்டு, கோட்டைப் போர்த்திக்கொண்டு காப்பி குடித்தார். வேலி இல்லாததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் இலை கூட்டிக்கொண்டிருந்தேன்.

"வாங்க ஹார்லன், காப்பி."

"பரவால்லங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"சிரமமெல்லாம் இல்ல, வாங்க."

"சூடா இருக்குங்களா?"

"சூடாத்தான் இருக்கு. வந்து உக்காருங்க மொதல்ல."

சரி, அரைக் கோப்பை என்று போனேன். அது முதல் தினமும் போகிறேன். ஆர்டிஸின் நாற்காலி சற்றுத் தாழ்வு, ஆனால் முதுகுக்கு நல்லது. மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று போன வாரம் ரோசானிடம் கேட்டேன்.

"ஆர்டிஸ்தான் சொன்னா," என்றார். "நீங்க கடைசி வேலிக்காலப் புடுங்கினீங்களே, அன்னிக்கே. நீங்க அந்தப் பக்கம் போனதும் என்னத் திட்டினா. 'அடிப் பாவி, ஒரே தடவ கூப்பிட்டுட்டு உக்காந்துட்டியே, பாவம் அந்த மனுஷன் தூணக் கட்டிக்கிட்டு நிக்கிறான். உம்மேல தப்பு சொன்ன மாதிரி ஆயிடும்னு அவன் எதிர்ல நான் வாயத் தொறக்கல. தூசி அடங்கட்டும், மூணு நாற்காலி போடு, மூணு தடவ கூப்பிடு'ன்னா. அதுக்குள்ள போர்வ காணாமப் போய், எல்லாம் மறந்துபோச்சு."

அதைச் சொன்னபோது அவர் அழுதார். ஆர்டிஸ் திரும்ப வருவார் என்று நான் ஆறுதல் சொன்னேன். இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். போர்வை தொட்டிக்குள் கிடக்கவில்லை, பாஸ்டர். அவர்கள் வாசலுக்கு நாற்காலிகளைத் தூக்கிப் போனபோது, ரோசான் அதை மரத்தளத்தின் கைப்பிடிமேல் போட்டுவிட்டுப் போயிருந்தார். பட்டப்பகல், நல்ல வெளிச்சம். தாண்ட வேலியும் இல்லை. நடந்து போய் எடுத்தேன். மரத்தூளை நான்தான் தூவினேன். இந்தத் தெருவில் ஒருவருக்கொருவர் கொடுத்ததெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நான் ஏணி வைத்து இறங்கிப் பார்த்தவன். அந்தப் போர்வையும் என்றாவது ஒருநாள் அங்கேதான் போயிருக்கும். நான் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்புநரிடம் சேர்த்தேன், அவ்வளவுதான்.

இருவரிடமும் தாராளமாகச் சொல்லுங்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு மேல் சொன்னால் நல்லது. அதற்குள் நான் காப்பி குடித்து முடித்துவிடுவேன். ஒருவர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகும் போகாமல் இருப்பது மரியாதையாக இருக்காது.